காலண்டர் தாளின்ர பின்பக்கம்: நாளுக்கு ஒரு குட்டிக் கவிதை எழுதுறது பற்றி என்னட்டக் கேக்கிற கேள்வியள்

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியில வீட்டோட இருந்து தையல் வேலை செய்யிறன். 2006இல இருந்து நாளுக்கு ஒரு குட்டிக் கவிதை எழுதி வாறன், மழை, வெயில், காத்து, மரம், அண்டைக்கு மனசு இருந்த இருப்பு, இவ்வளவுதான் விசயம். சட்டைக்கு அளவு குடுக்க வாறவை மெசினுக்குப் பக்கத்தில கிடக்கிற தாளைக் கண்டிட்டுக் கேப்பினம், வெளிநாட்டில இருக்கிற பெறாமக்கள் போனில கேப்பினம், ரியூசன் முடிஞ்சு போற பெடியள் கூட படலையடியில நிண்டு கேட்டிருக்கிறாங்கள். ஒரே மறுமொழியை எத்தினை தரம் சொல்லுறது, அதுதான் எல்லாத்தையும் ஒரேயடியா எழுதிப்போட்டன்.

ஏனக்கா காலண்டர் தாளில எழுதுறியள், கொப்பி இல்லையோ?

அப்ப உண்மையாவே இல்லை. 2006 ஓகஸ்டில சண்டை துவங்கி, யாழ்ப்பாணத்துக்குத் தரையால வாற ஏ9 பாதையைப் பூட்டினாப் பிறகு சாமான் எல்லாம் கப்பல் வந்தாத்தான் எண்டு ஆச்சு, சீனிக்கும் சோப்புக்கும் சனம் வரிசையில நிண்டுது, பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கே கொப்பி தேடித் திரிஞ்ச நேரத்தில கவிதைக்கு ஆர் கொப்பி தருவினம். பொழுதுபட ஊரடங்கு, படலையைச் சாத்தினா விடியுமட்டும் வெளிய போக ஏலாது, தைக்கத் துணியும் வாறேல்லை. சுவரில தொங்கின நாட்காட்டி மட்டும் நாளுக்கு ஒரு தாளைச் சும்மா தந்துகொண்டிருந்துது. முன்பக்கத்தில திகதி, தமிழ் மாசம், நட்சத்திரம், ராகுகாலம். பின்பக்கம் வெறும் வெள்ளை, உள்ளங்கை அளவு.

பாதை திறந்து கடையில கொப்பி குவிஞ்சாப் பிறகும் நான் மாறேல்லை. கொப்பி எண்டா பக்கத்தை நிரப்பவேணும் எண்டு கை அந்தரப்படும், தாள் எண்டா நாலாவது வரியிலயே விளிம்பு வந்து மறிச்சுப்போடும். யாப்பு எண்டு எனக்குத் தெரிஞ்சது அந்த விளிம்புதான். பேந்து, முன்பக்கத்தில 'ஐப்பசி 14' எண்டு அச்சடிச்சுக் கிடக்கேக்க கவிதைக்குள்ள 'இது மழைக்காலம்' எண்டு ஒரு வரியை வீணாக்கத் தேவையில்லைத்தானே.

எத்தினை வரி இருக்கவேணும்? உது ஹைக்கூவோ?

மூண்டு வரி, சில நேரம் நாலு. ஹைக்கூ எண்டு பேர் வைக்க எனக்குக் கொஞ்சம் கூச்சம். ஜப்பான்காரர் 5-7-5 எண்டு எண்ணுறது எழுத்தையும் இல்லை எங்கட அசையையும் இல்லை, அவையின்ர ஒலி அளவை. நெடிலுக்கு ரெண்டு, உயிர் சேராமல் வாற 'ன்' சத்தத்துக்குத் தனிய ஒண்டு எண்டு போகும், எங்கட மாத்திரைக் கணக்குக்குக் கிட்ட வரும். அதைத் தமிழில 17 எழுத்தாக்கி விரல் மடக்கிறது எண்டா, மற்றவன்ர அளவுக்கு வெட்டின சட்டையை இழுத்துப் பூட்டுற மாதிரி.

பாரதியார் 1916இலயே ஜப்பான் கவிதையைப் பற்றிச் சுதேசமித்திரன் பத்திரிகையில எழுதினவர், ஆக இது எங்களுக்குப் புதுச்சாமானும் இல்லை. ஆனா சுருக்கமா எழுதப் பழகுறதுக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். குறள் ஏழு சீர். ஐங்குறுநூற்றில மூண்டு அடியிலயே முடிஞ்சுபோற பாட்டுகள் இருக்கு. எங்கட அளவெட்டிக் கவிஞர் 'மகாகவி' உருத்திரமூர்த்தி 1960களில குறும்பா எண்டு அஞ்சு வரியில சிரிக்கச் சிரிக்க எழுதினவர். ஜப்பான்காரரிட்ட இருந்து நான் களவெடுத்தது ஒண்டே ஒண்டுதான்: எந்தக் காலம் எண்டு காட்டுற ஒரு சொல் உள்ளுக்கு இருக்கவேணும் எண்ட பழக்கம். வாடை எண்டா ஒரு காலம், நுங்கு எண்டா ஒரு காலம். அந்தச் சொல் ஒண்டு விழுந்தாக் காணும், காட்சி தன்ர பாட்டில எழும்பி நிக்கும்.

எப்ப எழுதுறியள்? எனக்கெண்டா நேரமே இல்லை.

விடிய எழும்பித் தாளைக் கிழிக்கிறது, தேத்தண்ணியோட முத்தத்துக்கு வாறது, தேத்தண்ணி ஆறமுதல் எழுதுறது. இதில ஒரு விசயம் இருக்கு. விடியக் கிழிக்கிற தாள் நேற்றையான். அதால நான் எழுதுறது எப்பவும் நேற்றையைத்தான், ஒரு நித்திரை தாண்டியும் மிஞ்சி நிக்கிற ஒண்டை. நேற்றைக்கு ஆகலும் பெரிசாத் தெரிஞ்ச கோவம் விடிய இருக்காது, வேலியில நிண்டு என்னைப் பாத்த புலுனிக் குருவி இருக்கும். அப்ப புலுனியைத்தான் எழுதவேணும், என்ன செய்யிறது.

(நேரமில்லை எண்டு சொல்லுறவை போனில என்னத்தைத் தடவிக்கொண்டு இருக்கினம் எண்டு நான் கேக்கிறேல்லை.)

எங்கட ஊரில மலையுமில்லை ஆறுமில்லை, நாளும் ஒரே வெயில். எதை எழுதுறது?

உண்மைதான், குறிஞ்சி எழுதவேணும் எண்டா ஏணி வச்சு வீட்டுக் கூரையிலதான் ஏறவேணும். வழுக்கியாறு எண்டு ஒண்டு இருக்கு, அதுவும் மாரிக்கு மட்டும்தான் ஓடும். வருசத்து மழையில பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எண்டு மூண்டு மாசத்துக்குள்ள கொட்டி முடிஞ்சிடும், மிச்சம் வெயில்.

நான் சொல்லுறது, வெயிலை விட்டிட்டு நிழலைப் பாருங்கோ. ஏப்ரல் நடுவில, வருசப்பிறப்பை ஒட்டி, சூரியன் எங்கட தலைக்கு நேர் மேல வரும். மத்தியானம் 12 மணி 10 நிமிசம் அளவில முத்தத்தில ஒரு தடியை நேரா நட்டுப் பாருங்கோ, நிழலே விழாது. ஓகஸ்ட் கடைசியில திரும்பவும் ஒருக்கா அப்பிடி வரும். அந்த ரெண்டு நாளும் நான் தைக்கிறதை விட்டிட்டு வெளிய போய் நிப்பன், பக்கத்து வீட்டு அன்ரி 'உவளுக்கு வெயில் பிடிச்சிட்டுது' எண்டுவா.

சித்திரை உச்சிவெயில்.
துலாக்கால் தன்ர நிழலை
மிதிச்சுக்கொண்டு நிக்குது.

பனையை மட்டும் வச்சே ஒரு வருசம் எழுதலாம். சித்திரை வைகாசியில நுங்கு, ஆடி ஆவணியில பனம்பழம், கொட்டையை எடுத்துப் பாத்தி போட்டு மாரி மழைக்கு விட்டா தைக்குக் கிழங்கு, இதுக்குள்ள ஓலை வெட்டு, பனம்பழக் களியைக் காயவைக்கிற பினாட்டு எண்டு எத்தினை. பனம்பழக் காலத்தில இரவில படுத்துக்கிடந்து சத்தத்தைக் கேளுங்கோ, தேங்காய் விழுறது ஒரு சத்தம், பனம்பழம் விழுறது இன்னொரு சத்தம், இருட்டுக்குள்ளயே பிரிச்சுச் சொல்லலாம்.

இரவு ஒருக்கா தொம் எண்டுது.
ஆரும் எழும்பேல்லை.
விடிய மாடு நிண்டு சூப்புது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேணும். பள்ளிக்கூடத்தில பெரும்பொழுது ஆறு எண்டு படிச்சிருப்பியள், ஆவணி புரட்டாதி கார்காலம் எண்டு. எங்கட வளவில ஆவணி எண்டா கிணத்தில வாளி நிலத்தில தட்டுற காலம், மழை ஐப்பசியிலதான் மெதுவா எட்டிப்பாக்கும். புத்தகத்தில கிடக்கிற கார்மேகத்தை ஆவணித் தாளில எழுதினா நட்டு வச்ச கத்தரி கூட நம்பாது.

இயற்கை சரியக்கா, என்ர மனசில கிடக்கிறதை எங்க எழுதுறது?

இதைக் கேட்டது கலியாணச் சட்டைக்கு அளவு குடுக்க வந்த ஒரு பிள்ளை. அளவு எடுக்கிறதை நிப்பாட்டிப்போட்டு என்ர பழைய தாள் ஒண்டை எடுத்துக் காட்டினன், 2006 ஐப்பசி:

வானம் அழுகிறது
என் நெஞ்சும் அழுகிறது
மழையே, நீ ஏன் வந்தாய்?

பிள்ளை 'நல்லா இருக்கக்கா' எண்டுது, மரியாதைக்கு. இதில மழையும் இல்லை நானும் இல்லை. எந்தக் கூரையில பெய்ஞ்சது, நான் ஏன் அழுதனான், ஒண்டும் விளங்காது. உந்த மூண்டு வரியையும் ஆரும் எழுதலாம், எங்கயும் எழுதலாம், எழுதியும் இருக்கினம். அண்டைக்கு நடந்தது வேற. எனக்கும் தங்கச்சிக்கும் காணிக்கதையில பெரிய சண்டை, ரெண்டு பேரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு இருக்கேக்க மழை வந்து தகரத்தில கொட்டத் துவங்கினது, அவ என்ன சொல்லுறா எண்டு எனக்குக் கேக்கேல்லை, நான் சொன்னது அவவுக்குக் கேக்கேல்லை, வாய் மட்டும் போய்க்கொண்டிருந்துது. பத்து வருசத்துக்குப் பிறகுதான் அதை எழுத வந்தது:

தகரத்தில மழை.
சண்டை அரைவாசியில
ஒருத்தருக்கும் ஒண்டும் கேக்கேல்லை.

மனசு எண்ட சொல்லே இதில இல்லை. தங்கச்சி வாசிச்சிட்டுச் சிரிச்சா, பிறகு கனநேரம் பேசாமல் இருந்தா.

சங்கப் பாட்டுக்கு முதல், கரு, உரி எண்டு மூண்டு பொருள் சொல்லுவினம். நிலமும் பொழுதும் முதல், அதுக்குள்ள இருக்கிற மரம், பறவை, பறை எல்லாம் கரு, மனசுக்குள்ள நடக்கிறது உரி. நான் முதலையும் கருவையும் தாளில எழுதுறன், உரியை எழுதாமல் விடுறன். அது வேற வழியால உள்ளுக்கு வந்திடும், நீங்கள் மறிச்சாலும் வரும். இதுக்கு நான் வைக்கிற ஆதாரம் இது, ஒரு ஆவணியில அம்மா என்னோட கோவிச்சுக்கொண்டு ஒன்பது நாள் கதைக்காமல் இருந்தவ (காரணம் இஞ்ச வேண்டாம்):

வாளி அடியில தட்டுது.
கயிறு முழுக்க விட்டாச்சு.
அம்மா இன்னும் கதைக்கேல்லை.

நான் கிணத்தடியில நிண்டதும் உண்மை, அம்மா குசினியில இருந்ததும் உண்மை, ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சன், அவ்வளவுதான். 'அம்மாவின்ர மௌனம் வத்தின கிணறு' எண்டு எழுதியிருந்தா கிணறும் போச்சு, அம்மாவும் போச்சு. 'போல', 'மாதிரி', 'ஆகிறது' எண்டு வந்தா உடன கத்தரிக்கோலை எடுங்கோ. கனக்கச் சொல்லுறன் எண்டு நினைக்காதேங்கோ, நூறு தாளில ஒண்டு ரெண்டுதான் இப்பிடிப் பொருந்தி வரும், மிச்சம் எல்லாம் 'இண்டைக்கும் மழை இல்லை' வகைதான்.

சோளகம், வாடை எண்டு எழுதினா வெளியாக்களுக்கு விளங்குமோ?

விளங்காட்டிக் கேக்கட்டும். முந்தி ஒரு பேப்பருக்கு இதை அனுப்பினனான்:

சோளகம் அடிக்குது.
கிடுகு விலகின இடத்தால
பக்கத்து வீட்டு விளக்கு.

அச்சில வரேக்க சோளகம் 'தென்றல்' ஆகிட்டுது. எல்லாருக்கும் விளங்கவேணும் எண்டு மாத்தினவையாம். தென்றல் வந்து தடவினா வேலியில கட்டின கிடுகு ஓலை ஏன் விலகுது? சோளகம் எண்டா வைகாசியில துவங்கி புரட்டாதி மட்டும் தென்மேற்கால வந்து புழுதியை வாரிக் கண்ணுக்குள்ள எறியிற காத்து, கொடியில போட்ட சட்டை மூண்டு வளவு தாண்டிப் போய்க் கிடக்கும், ஆக்களுக்குக் கண்ணெரிச்சலும் எரிச்சலும் ஒண்டா வரும். அந்தக் காத்துத்தான் வேலியைப் பிரிச்சுது, அதாலதான் விளக்குத் தெரிஞ்சுது. ஒரு சொல்லை மாத்தினதில மூண்டு வரியும் பொய்யாப்போச்சு. அண்டையில இருந்து நான் ஒருத்தருக்கும் அனுப்புறேல்லை, வீம்புதான், ஒத்துக்கொள்ளுறன்.

கடலுக்குப் போறவையிட்டக் கேட்டுப் பாருங்கோ, காத்தின்ர பேர் எவ்வளவு பெறுமதி எண்டு. எங்கட வடமராட்சிக் கரைக்கு வாடை நேரா முகத்தில வந்து அடிக்கும், கடல் கொந்தளிக்கும். சோளகத்துக்குக் காத்துத் தரையில இருந்து கடலுக்குப் போறதால கரையோரம் அடங்கிக் கிடக்கும். மேற்கால வந்தா கச்சான், கிழக்கால வந்தா கொண்டல். இத்தினை பேரையும் வச்சுக்கொண்டு நாங்கள் 'இளந்தென்றல் வீசியது' எண்டு எழுதிக்கொண்டு இருக்கிறம்.

தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில பட்டத் திருவிழா நடக்கும், பாத்திருப்பியள். ஆனா எனக்குப் பிடிச்சது அதுக்கு முதல் ரெண்டு மூண்டு கிழமை, பெடியள் பட்டத்துக்கு, காத்துக்குக் கூவுற விண்ணைப் பூட்டி ஏத்திப்போட்டு இரவைக்கு இறக்காமல் மரத்தில கட்டிவிடுவாங்கள், ஊர் முழுக்க ம்ம்ம் எண்டு கூவிக்கொண்டு இருக்கும்.

இரவிரவா விண் கூவுது.
கயிறு கட்டின வேம்பு
நித்திரையில்லாமல் ஆடுது.

எழுத்துத் தமிழில எழுதவேணுமோ, பேச்சுத் தமிழிலயோ?

வாய்க்கு எது வருதோ அதில. 'மழை பெய்கின்றது' எண்டா எனக்கு வாசிப்புப் புத்தகத்து மழைதான் தெரியும், ஆரும் நனைய மாட்டினம். எழுதினதை உரத்து வாசிச்சுப் பாருங்கோ, குசினியில நிக்கிற அம்மா 'என்ன?' எண்டு திரும்பிக் கேட்டா வரி சரி. கேக்காட்டி நீங்கள் கவிதை வாசிக்கிறியள் எண்டு அவவுக்கு விளங்கிட்டுது.

சித்தி, நான் டொரண்டோவில இருக்கிறன், எனக்கு இஞ்ச பனையும் இல்லை சோளகமும் இல்லை. நான் எதை எழுதுறது?

பெறாமகள் கேட்டது. அங்க இருந்துகொண்டு பனையை எழுதாதை பிள்ளை. ஒருக்கா ரெண்டு தரம் எழுதலாம், நாளும் எழுதினா அது பனை இல்லை, படம். அந்த ஊர்ப் பனிக்கும் எத்தினையோ விதம் இருக்கும், சப்பாத்துக்குக் கீழ ஒரு நாள் நொறுங்கும், ஒரு நாள் சேறாக் கிடக்கும், பஸ்ஸுக்கு நிக்கேக்க அதைப் பார். தமிழில இன்னும் அதுக்கெல்லாம் பேர் வைக்கேல்லை, நீ வை. அவ கொஞ்ச நாளுக்குப் பிறகு ஒரு மாசி மாசம் போன் எடுத்து அரை மணித்தியாலம் பனியைப் பற்றியே கதைச்சா, அண்டையான் என்ர தாள்:

அங்க பனி கொட்டுதாம்.
போனைக் காதில வச்சபடி
மிளகாய் கிண்டிவிடுறன்.

சண்டைக் காலத்தை எழுதலாமோ?

ஏன் எழுதக்கூடாது. ஆனா பெரிய சொல்லுகளைத் தூக்கி உந்தச் சின்னத் தாளில வச்சா தாள் கிழிஞ்சுபோம். எங்களுக்கு வானிலையே அப்ப வேறயா இருந்துது: வானம் மூட்டமா இருந்தா நிம்மதி, வெளிச்சா இருந்தா குண்டு போடுற பிளேன் வருமெண்டு பயம். நிலவு நாளை ரசிக்கிறது எண்டதை நான் பிந்தித்தான் பழகினன்.

வானம் நல்ல வெளிச்சம்.
ஒருக்கா அண்ணாந்து பாத்திட்டுத்தான்
உடுப்புக் காயப்போடுறன்.

இதுக்கு மேல இதைப் பற்றிச் சொல்ல என்னட்ட ஒண்டும் இல்லை.

ஒரு நாள் விட்டுப்போனா?

விட்டுப்போச்சு. வெறுந்தாளையும் கட்டோட சேர்த்துக் கட்டுங்கோ. அடுத்த நாள் ரெண்டு எழுதிக் கடன் தீர்க்கப் பாக்காதேங்கோ, ரெண்டும் வடிவில்லாமல் வரும்.

இப்ப போனே கவிதை எழுதித் தருதாமே, பிறகு ஏனக்கா மினக்கெடுறியள்?

ரியூசன் தம்பி ஒருத்தன் செய்து காட்டினவன், 'யாழ்ப்பாண மழை' எண்டு கேட்டா ரெண்டு செக்கனில வந்து விழுந்துது, வானம் அழுதுது. என்ர 2006 தாளைப் பாத்த மாதிரியே இருந்துது. தம்பிக்கு நான் சொன்னன், இது மோசமில்லையடா, நானும் இப்பிடித்தான் துவங்கினன், ஆனா விடிய எழும்பி முத்தத்துக்குப் போறது ஆர்? மார்கழியில அஞ்சு மணிக்குப் பனிக்குள்ள நிண்டாத்தான் இது காதில விழும்:

திருவெம்பாவை முடிஞ்சுது.
நிப்பாட்ட மறந்த மைக்கில
ஆரோ இருமுகினம்.

பேனையோ பென்சிலோ?

பென்சில். இதை மட்டும் நான் கேள்வி கேக்க விடமாட்டன். 2008 கார்த்திகையில நிஷா புயல் வந்தது, வடமராட்சியில இருந்தவைக்கு மறக்காது, வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. மெசினைத் தூக்கி மேசையில வைக்கிற அவதியில கட்டிலுக்குக் கீழ பிஸ்கற் ரின்னுக்குள்ள இருந்த தாள்கட்டை மறந்துபோனன். தண்ணி வத்தினாப் பிறகு திறந்தா ரெண்டு வருசமும் ஒரு களி. ஒவ்வொண்டா உரிச்சு, கொடி முழுக்க உடுப்புக் கிளிப் போட்டுக் காயவிட்டன், போற வாற சனம் எல்லாம் படலைக்கு மேலால எட்டிப் பாத்துது. முன்பக்கம் அச்சு எண்டபடியால் திகதியும் ராகுகாலமும் அப்பிடியே கிடந்துது. பின்பக்கம், மைப்பேனையால எழுதினது முழுக்க ஊறி நீலமாக் கிடந்துது, ஒரு எழுத்து இல்லை. மை முடிஞ்ச நாளில துணியில அளவு கீறுற பென்சிலை எடுத்து எழுதினது பதினொரு தாள், அது பதினொண்டும் தப்பிட்டுது.

தப்பினதில ஒண்டு அந்த 'வானம் அழுகிறது'. 2பி வாங்குங்கோ, எச்பி இந்தத் தாளில மெல்லிசாத்தான் விழும்.